கடிதத்தில் வைத்தியம்: ஆளைப் பார்க்காமல் மருத்துவம் நடந்தது எப்படி?

சில நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர் தன் நோயாளிக்கு எழுதிய கடிதம் எப்போதாவது நம் கண்ணில் படும். காலையில் குதிரை ஏறச் சொல்லியிருப்பார், இரவில் வயிறு முட்டச் சாப்பிடாதே என்றிருப்பார், மனத்தை அலைய விடாதே என்றும் ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்ததும் இரண்டு கட்சி கிளம்பும். "மருந்தே இல்லாமல் குணப்படுத்தியிருக்கிறார்கள், பாருங்கள்" என்று கும்பிடுகிறவர்கள் ஒரு பக்கம். "ஆளையே பார்க்காமல் வைத்தியமா, சுத்தப் போலி" என்று சிரிக்கிறவர்கள் இன்னொரு பக்கம். இருவருமே அந்தக் கடிதத்தை இன்றைய மருந்துச் சீட்டைப் படிப்பதுபோலப் படிக்கிறார்கள். சிக்கல் அங்கேதான்.

அன்றைய மருத்துவம் பெரும்பாலும் நோயாளி சொல்லும் கதையை வைத்து நடந்தது. கதையைத் தாளில் எழுதி அனுப்பலாம். அதனால் கடிதம் வழியாக வைத்தியம் பார்ப்பது அந்தக் காலத்துக்கு முழுக்க நியாயமான வேலையாக இருந்தது, வேறு வழியில்லாமல் செய்த சமாளிப்பாக இருக்கவில்லை. இது எப்படி என்று புரிந்துகொள்ள மருத்துவப் படிப்பு எதுவும் தேவையில்லை. இரண்டு மூன்று பழைய கருத்துகள் தெரிந்தால் போதும்.

திறக்க முடியாத வண்டி

உங்கள் காரில் ஏதோ சத்தம் வருகிறது. மெக்கானிக்கைப் போனில் பிடிக்கிறீர்கள். அவர் கேள்விகளை அடுக்குவார். கிளம்பும்போது வருகிறதா, மேடு ஏறும்போதா? எத்தனை நாளாக? கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது? வேறு யாராவது கை வைத்தார்களா? நீங்கள் சரியாகப் பதில் சொன்னால் பாதி விஷயம் அவருக்குப் பிடிபட்டுவிடும். ஆனாலும் கடைசியில், "வண்டியைக் கொண்டுவாங்க, பானட்டைத் திறந்து பார்த்துவிடலாம்" என்பார்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். உலகத்தில் யாராலும் பானட்டைத் திறக்க முடியாது. அதற்கான கருவி இன்னும் வரவில்லை. அப்படியானால் மெக்கானிக் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பதால் கூடுதலாக என்ன கிடைத்துவிடும்? கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். அவருடைய அறிவில் பெரும்பங்கு அந்தக் கேள்வி பதிலிலிருந்தே வந்தாக வேண்டும்.

18ஆம் நூற்றாண்டு வரை மருத்துவரின் நிலைமை ஏறக்குறைய இதுதான். ஸ்டெதஸ்கோப் கிடையாது. ரத்த அழுத்தம் அளக்கும் கருவி, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எதுவும் கிடையாது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர்கூட 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் மருத்துவமனைகளில் அன்றாட வழக்கமானது. நேரில் வந்த மருத்துவர் நாடி பிடிப்பார், நாக்கைப் பார்ப்பார், முகத்தின் நிறத்தைக் கவனிப்பார், கண்ணாடிக் குடுவையில் சிறுநீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். உடையை விலக்கி, உடம்பைத் தட்டி அழுத்திச் சோதிப்பது அரிது. மரியாதைப்பட்ட வீடுகளில் அது நாகரிகமாகவும் கருதப்படவில்லை. நாடியை எண்ணி எழுதிவிடலாம், சிறுநீரின் நிறத்தை வர்ணித்துவிடலாம். அப்புறம் பாக்கி இருப்பது கேள்வியும் பதிலும்தான்.

உடம்பைப் பற்றி அவர்கள் நினைத்தது

கருவி இல்லாதது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நோய் என்றால் என்ன என்பதில் அவர்களுக்கு இருந்த கருத்து.

ஐரோப்பாவிலும் அரபு உலகிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கோலோச்சிய மருத்துவம் கிரேக்க மரபிலிருந்து வந்தது. ஹிப்போக்ரடீஸ் பெயரால் வழங்கும் நூல்களில் அது தொடங்குகிறது. கி.பி. 129இல் பெர்கமம் நகரில் பிறந்து ரோமில் புகழ்பெற்ற கேலன் என்ற மருத்துவர் அதை ஒரு முழு அமைப்பாகக் கட்டி எழுப்பினார். அதன் அடிப்படை, உடலின் நான்கு நீர்கள்: ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம். இவற்றை நீர்மங்கள் என்று வைத்துக்கொள்வோம். ரத்தம் சூடும் ஈரமும் உள்ளது. சளி குளிர்ச்சியும் ஈரமும். மஞ்சள் பித்தம் சூடும் வறட்சியும். கறுப்புப் பித்தம் குளிர்ச்சியும் வறட்சியும். நமக்குப் பழக்கமான வாதம், பித்தம், கபத்தோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாயல் இருக்கிறது, கணக்கு வேறு. இந்தக் கிரேக்க மரபின் நேரடி வாரிசு யுனானி.

நான்கும் ஒருவருக்குள் எந்த விகிதத்தில் கலந்திருக்கிறதோ அதுதான் அவருடைய உடல்வாகு. ஒருவருக்குச் சூடு தூக்கலாக இருக்கும், இன்னொருவருக்கு ஈரம். அதில் தவறில்லை. அவரவர்க்குரிய விகிதம் குலையும்போதுதான் நோய்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். காசநோய் என்றால் இன்று நமக்கு ஒரு குறிப்பிட்ட கிருமி. அது யார் உடம்பில் புகுந்தாலும் அதே கிருமிதான். கேலனின் மரபில் நோய் அப்படி வெளியிலிருந்து வரும் தனி ஆள் இல்லை. 'இந்த' மனிதரின் சமநிலை, 'இந்த'க் காரணத்தால், 'இந்த'ப் பருவத்தில் குலைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே மருத்துவர் முதலில் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். வயது என்ன, ஊர் ஈரமா வறட்சியா, என்ன சாப்பிடுகிறார், எப்போது தூங்குகிறார், எதற்குக் கோபப்படுகிறார், அப்பாவுக்கு என்ன வியாதி இருந்தது. இந்த விவரம் எதுவும் நாடியில் கிடைக்காது. நோயாளியோ அவர் வீட்டாரோ சொன்னால்தான் உண்டு. அவசரமாக வந்து கட்டிலருகே பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போகிற மருத்துவரைவிட, நாலு பக்கம் நிதானமாக எழுதிய கடிதம் கையில் இருக்கும் மருத்துவருக்கு அதிகம் தெரிந்திருக்க வாய்ப்புண்டு.

ஆறு கைப்பிடிகள்

சமநிலை குலைந்துவிட்டது, சரி. அதைத் திருப்புவது எப்படி? இங்கேதான் பழைய கடிதங்களில் நாம் பார்க்கும் குதிரைச் சவாரியும் இரவுச் சாப்பாடும் வருகின்றன.

உடலின் சமநிலையை மாற்றக்கூடிய ஆறு விஷயங்களை அந்த மரபு பட்டியல் போட்டு வைத்திருந்தது: சுற்றியுள்ள காற்று, உணவும் குடிப்பதும், உழைப்பும் ஓய்வும், தூக்கமும் விழிப்பும், உடலில் தங்குவதும் வெளியேறுவதும், மன உணர்ச்சிகள். யாராக இருந்தாலும் இந்த ஆறிலிருந்து தப்ப முடியாது. ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு கைப்பிடியைத் திருப்புவதுபோலக் கூட்டலாம், குறைக்கலாம். இந்த ஆறையும் ஒரு குறிப்பிட்ட நோயாளிக்கு ஏற்றபடி ஒழுங்கு செய்து தருவதற்கு வாழ்முறை ஒழுங்கு என்று பெயர் வைத்துக்கொள்வோம். நாம் பத்தியம் என்கிறோமே, அது இதில் ஒரு பகுதி. பத்தியம் சாப்பாட்டோடு நின்றுவிடும். இது தூங்கும் அறையின் சன்னலிலிருந்து மனத்தில் ஓடும் பயம் வரைக்கும் போகும்.

மருந்தும் உண்டு. ஆனால் வரிசையில் அது பின்னால் வரும். உணவால் முடிகிறதென்றால் மருந்துக்குப் போகாதே, மருந்து தேவையென்றால் லேசானதில் தொடங்கு என்பது அந்த மரபின் நல்ல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன விதி. எல்லோரும் கடைப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ரத்தம் எடுப்பதிலும் பேதிக்குக் கொடுப்பதிலும் கைதாராளம் காட்டியவர்கள் நிறைய.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்ப்போம். உடம்புக்குள் பார்க்கும் கருவி இல்லை. நோய் என்பது ஒரு தனிமனிதரின் சமநிலைக் குலைவு. அதை அறிய அவருடைய வாழ்க்கைக் கதை வேண்டும். அதைச் சரிசெய்ய அவருடைய அன்றாடத்தை மாற்ற வேண்டும். கதை கடிதத்தில் போகும், அறிவுரை கடிதத்தில் திரும்பும்.

கெய்ரோவிலிருந்து ஓர் அரசருக்கு

கேலனே கடிதத்தில் வைத்தியம் பார்த்தவர்தான். ஐபீரியா, கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி), திரேஸ் போன்ற தூர நாடுகளிலிருந்து கண் நோய்க்காரர்கள் தனக்கு எழுதிக் கேட்பதாக அவரே குறிப்பிடுகிறார். வலிப்பு நோய் இருந்த ஒரு சிறுவனுக்காக, கேசிலியானஸ் என்ற அவனுடைய தகப்பனாருக்கு அவர் எழுதிய அறிவுரை இன்றும் இருக்கிறது. அதில் பெரும்பகுதி உணவும் உடற்பயிற்சியும்தான். ஆனால் இந்த வகைக் கடிதம் ஒன்றே ஒன்றைப் படிக்க வேண்டுமென்றால் நான் மைமோனிடிஸைத்தான் கை காட்டுவேன்.

மைமோனிடிஸ் ஸ்பெயினின் கொர்தோபாவில் பிறந்த யூத அறிஞர். எகிப்தில், இன்றைய கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் வாழ்ந்து 1204இல் இறந்தார். சமய நூல், தத்துவம், மருத்துவம் மூன்றிலும் பெரிய பெயர். 1199இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் தன் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறார். தினமும் காலையில் கெய்ரோவுக்குப் போய் சுல்தானைப் பார்க்க வேண்டும். அரண்மனையில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் நாள் முழுக்க அங்கேயேதான். பிற்பகலில் பசியோடு வீடு திரும்பினால் முன்கூடம் நிறைய ஆட்கள். ஏறி வந்த விலங்கை விட்டு இறங்கி, கையைக் கழுவி, கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டு ஒரு வாய் சாப்பிடுவார். இருபத்து நான்கு மணி நேரத்தில் அதுதான் சாப்பாடு. பிறகு அசதியில் படுத்தபடியே வைத்தியம் பார்ப்பார். ஊருக்கெல்லாம் தூக்கமும் ஓய்வும் அளந்து கொடுத்த மனிதர் இப்படி இருந்திருக்கிறார். மருத்துவர்கள் விஷயத்தில் அன்றும் இன்றும் இதில் மாற்றமில்லை போலிருக்கிறது.

அவருடைய நோயாளி அல்-அஃப்தல். சிலுவைப் போரில் புகழ்பெற்ற சுல்தான் சலாவுதீனின் மூத்த மகன். டமாஸ்கஸில் ஆட்சி செய்து அதை இழந்தவர். 1198 வாக்கில் அவர் மைமோனிடிஸிடம் ஆலோசனை கேட்கிறார். மலச்சிக்கல், அவ்வப்போது செரிமானக் கோளாறு, மனச்சோர்வு, சாவு பற்றிய பயம். இதுதான் புகார். பதிலாக வந்த நீண்ட கடிதம் நான்கு அத்தியாயங்கள் கொண்டது. முதல் அத்தியாயம் எல்லோருக்கும் பொதுவான ஆரோக்கிய விதிகள். இரண்டாவது, மருத்துவர் கிடைக்காத இடத்திலோ, கிடைத்தவர் நம்பத் தகாதவராகவோ இருந்தால் என்ன செய்வது என்பது. மூன்றாவதுதான் அரசரின் சொந்தப் புகார்களுக்கு. நான்காவது, எங்கும் எப்போதும் பயன்படும் அறிவுரைகள்.

முதல் அத்தியாயத்தில் ஓர் இடம். மனிதன் தான் ஏறும் விலங்கைப் பார்த்துக்கொள்கிற அளவுக்குத் தன்னைப் பார்த்துக்கொண்டாலே பல பெரிய நோய்களிலிருந்து தப்பிவிடுவான் என்கிறார். குதிரைக்குத் தீவனத்தை யாரும் கணக்கில்லாமல் கொட்டுவதில்லை, அளந்து போடுகிறார்கள். தனக்கு மட்டும் அளவு கிடையாது. இளவரசர் ஒருவருக்கு எழுதும் கடிதத்தில் இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

மூன்றாவது அத்தியாயத்தில் மலச்சிக்கலுக்கு வழி சொன்ன கையோடு மனத்துக்கு வருகிறார். ஆறு விஷயங்களில் கடைசியாகச் சொன்னோமே, மன உணர்ச்சிகள், அதற்கு இவ்வளவு இடம் கொடுத்த மருத்துவக் கடிதங்கள் குறைவு. நல்ல உடல்கட்டும் கணீர்க் குரலும் உள்ளவனுக்குத் திடீரென்று துக்கச் செய்தி வந்தால் அவன் முகம் வெளிறிவிடும், குரல் தாழ்ந்துவிடும். மனம் உடலை மாற்றும் என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுகிறார். ஆகவே உணர்ச்சிகளைச் சமநிலையில் வைப்பது மருத்துவ வேலையின் ஒரு பகுதி, அதற்குத் தத்துவமும் அறநூல்களும் உதவும் என்பது அவர் வாதம். இன்றைய மனநல சிகிச்சையோடு இதை ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. அது அவசரம் என்று நினைக்கிறேன். அவர் கறுப்புப் பித்தக் கணக்கிலேயே நின்று பேசுகிறார்.

சில காலம் கழித்து அரசரிடமிருந்து இன்னொரு கடிதம் வருகிறது. இம்முறை தன் உடல்நிலையோடு, மற்ற மருத்துவர்கள் சொன்னவற்றையும் எழுதி அனுப்புகிறார். ஒருவர் இதைச் சொல்ல, இன்னொருவர் அதை மறுத்திருக்கிறார். மைமோனிடிஸுக்கு அப்போது தனக்கே உடம்பு முடியவில்லை, நேரில் போக இயலாது. ஆகவே ஒவ்வொரு கருத்தையும் எடுத்துவைத்து, இது சரி, இது இந்தக் காரணத்தால் வேண்டாம் என்று தீர்ப்பு எழுதுகிறார். முடிவில் அரசரின் ஒரு நாளை எழுந்திருப்பதிலிருந்து வகுத்துக் கொடுக்கிறார். கை கால் சூடேறும்வரை நிதானமான குதிரைச் சவாரி, ஓய்வு, பிறகு உணவு, பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்துக்குப் பாடகர் ஒருவர் தந்தி வாத்தியத்தோடு பாட வேண்டும். கேட்பவருக்குக் கண் செருகச் செருகக் குரலையும் வாத்தியத்தையும் மெல்லத் தாழ்த்திக்கொண்டே வந்து, ஆழ்ந்து தூங்கியதும் நிறுத்திவிட வேண்டும். மருந்தின் அளவைச் சொல்வதுபோலப் பாட்டின் அளவைச் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. மருத்துவ ரீதியாக மதுவும் இசையும் அரசருக்கு நல்லது என்று அவர் எழுதியிருந்தார். அரசர் முஸ்லிம், மது விலக்கப்பட்டது. அதற்கு அவர் கொடுக்கும் விளக்கம் தெளிவானது. உடலுக்கு எது பயன்படும் என்று மறைக்காமல் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை. எடுத்துக்கொள்வதும் விடுவதும் நோயாளியின் விருப்பம். சமயச் சட்டம் கட்டாயப்படுத்தும், மருத்துவம் அறிவுரை சொல்வதோடு நிற்கும். நேரில் இருந்தால் குரலைத் தாழ்த்திச் சொல்லி முடித்திருக்கக்கூடிய விஷயம். எழுத்தில் வந்துவிட்டதால் காரணத்தையும் எழுதியாக வேண்டியிருந்தது.

தபால் வண்டி காலம்

அரசர்களுக்கும் செல்வந்தர்களுக்கும் மட்டும் கிடைத்த இந்த வசதி கொஞ்சம் பரவலானது 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில். சாலைகளும் தபாலும் மேம்பட்டன, படித்த நடுத்தர வர்க்கம் வளர்ந்தது. இன்றைய சுவிட்சர்லாந்தின் லோசானில் டிசோ, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வில்லியம் கல்லன் என்று சில மருத்துவர்களுக்கு நாடு கடந்தும் கடிதங்கள் வந்து குவிந்தன.

கல்லன் 1710இல் பிறந்து 1790இல் இறந்த ஸ்காட்லாந்துக்காரர். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பேராசிரியர். அவருடைய மருந்தியல் நூலை 1790இல் ஜெர்மனில் மொழிபெயர்த்தவர் ஹானிமன். அதில் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்த சின்கோனா மரப்பட்டை பற்றிக் கல்லன் சொன்ன விளக்கம் பிடிக்காமல், பட்டையைத் தானே தின்று பார்க்கப் போய்த்தான் ஹோமியோபதி பிறந்தது. அது தனிக் கதை.

கல்லன் தனக்கு வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தினார். தான் அனுப்பிய பதில்களுக்கும் நகல் வைத்தார். முதலில் எழுத்தர்கள் கையால் படி எடுத்தார்கள். 1781இலிருந்து ஜேம்ஸ் வாட்டின் நகல் இயந்திரத்தைப் பயன்படுத்தினார். நீராவி எந்திரத்துக்குப் பெயர் போன அதே வாட்தான். மை காயாத கடிதத்தின்மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்துவார்கள். மை அதில் இடம் வலம் மாறி ஒட்டும். தாள் மெல்லியது என்பதால் பின்பக்கமாகத் திருப்பிப் படித்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான கடிதங்கள் இப்படித் தங்கிவிட்டன.

அவற்றில் நோயாளி தரப்புக் கடிதத்துக்கு ஓர் அமைப்பு உண்டு. பாதி நேரம் எழுதியவர் நோயாளியே அல்ல, உள்ளூர் அறுவை வைத்தியரோ, உறவினரோ. வயது, உடல்வாகு, பழக்கவழக்கம், முன்பு வந்த நோய்கள், இந்த நோய் தொடங்கிய விதம், பசி, தூக்கம், மலம், சிறுநீர், நாடித் துடிப்பு, இதுவரை கொடுத்த மருந்துகள், அவை செய்த வேலை என்று வரிசையாகப் போகும். நோயாளியே எழுதினால் வரிசை கெட்டுவிடும். ஆனால் "அன்று மழையில் நனைந்தேன், அதன் பிறகுதான்" என்பது போன்ற வரிகள் அங்கேதான் கிடைக்கும். அன்றைய பிரிட்டனில் தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதம் பெறுபவர்தான் கட்ட வேண்டும், அதுவும் தாள் எண்ணிக்கைக்கும் தூரத்துக்கும் ஏற்றபடி. இருந்தும் நோயாளிகள் சுருக்கமாக எழுதியதாகத் தெரியவில்லை.

மருத்துவரின் பதில் முதலில் நோய் இன்னதென்று தன் கருத்தைச் சொல்லும். அடுத்து வாழ்முறை ஒழுங்கு, இதுதான் நீளம். பிறகு மருந்து. மருந்தின் செய்முறை மட்டும் தனியாக லத்தீனில் இருக்கும், அது மருந்துக்கடைக்காரருக்கு. கடைசியில், இத்தனை வாரம் கழித்து நிலைமையை எழுதுங்கள் என்ற வேண்டுகோள்.

இதில் எனக்கு வியப்பாகப் படும் விஷயம் ஒன்று உண்டு. கல்லன் நான்கு நீர்மங்களை நம்பியவர் அல்ல. நோய்களுக்கு நரம்பு மண்டலமே முக்கியக் காரணம் என்பது அவர் கொள்கை. நியூரோசிஸ் என்ற சொல்லையே 1769இல் அவர்தான் புழக்கத்தில் விட்டார். கேலனின் கட்டடம் அவர் காலத்தில் இடிந்துவிட்டது. ஆனால் அவர் அறிவுரையைப் பாருங்கள்: உணவைக் குறை, குதிரை ஏறு, ஈரக்காற்றில் போகாதே, மனத்தை வேறு வேலையில் திருப்பு. கொள்கை போய்விட்டது, ஆறு கைப்பிடிகளும் அப்படியே நின்றுவிட்டன.

ஒரு நோயாளி, மூன்று பேராசிரியர்கள்

1784 தொடக்கத்தில் லண்டனில் சாமுவேல் ஜான்சன் படுக்கையில் கிடந்தார். ஆங்கில அகராதியால் புகழ்பெற்ற அதே ஜான்சன். வயது 74. மூச்சுத் திணறல், கால்களும் தொடைகளும் நீர் கோத்து வீக்கம், இரவெல்லாம் தூக்கமில்லை. வாரக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே போக முடியவில்லை. சாக மிகவும் பயமாக இருக்கிறது என்று எடின்பரோவில் இருந்த நண்பர் பாஸ்வெல்லுக்கு மறைக்காமல் எழுதினார். உங்கள் ஊர் மருத்துவர்களிடம் என் நிலையைக் கேளுங்கள் என்றும் எழுதினார். பாஸ்வெல் மார்ச்சில் எடின்பரோவின் மூன்று பேராசிரியர்களுக்கு, கல்லன், ஹோப், மன்றோ ஆகியோருக்கு, விவரம் எழுதினார். மூவரும் பதில் எழுதினார்கள். நோயாளி நண்பருக்குச் சொல்லி, நண்பர் மருத்துவருக்குச் சொல்லி நடந்த வைத்தியம் இது. லண்டனில் ஜான்சனை நேரில் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர்களும் இருந்தார்கள். யாரும் இதை விசித்திரமாக நினைக்கவில்லை.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: கடித வைத்தியம் ஓர் ஒழுங்கான தொழில். கேள்விக்கு ஒரு வரிசை, பதிலுக்கு ஓர் அமைப்பு, நகலுக்கு ஒரு கோப்பு, தொடர்ந்து பார்க்க மறு கடிதம் எல்லாம் அதில் இருந்தன.

பலன் கிடைத்ததா?

நேராகச் சொன்னால், மருந்துகளில் பெரும்பாலானவை உதவவில்லை, சில கெடுதலும் செய்தன. மலேரியாக் காய்ச்சலுக்குச் சின்கோனா, வலிக்கு அபின் என்று உண்மையில் வேலை செய்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. வாழ்முறை ஒழுங்கு வேறு மாதிரி. அளவாகச் சாப்பிடு, நட, தூங்கு என்பது பல நோய்களில் கெடுதல் செய்யாது, சிலவற்றில் நல்லதும் செய்யும். அதற்குச் சொன்ன காரணம் தவறாக இருந்தாலும் பலன் கிடைத்திருக்கலாம். "அறிவுரை பலித்தது, ஆகவே கொள்கை சரி" என்று தாவுகிறார்களே, அங்கேதான் முதல் கட்சி வழுக்கி விழுகிறது.

கடிதத்துக்கென்றே சில பலவீனங்களும் உண்டு. திடீர்க் காய்ச்சலுக்கு அது உதவாது. பதில் வருவதற்குள் ஒன்று குணமாகியிருக்கும், இல்லையென்றால் காரியம் கைமீறியிருக்கும். அதனால்தான் எஞ்சியிருக்கும் கடிதங்களில் செரிமானக் கோளாறு, கீல்வாதம், மூச்சுத் தொந்தரவு, மனச்சோர்வு என்று இழுத்தடிக்கும் நோய்களே நிறைய. இன்னொன்று, நோயாளி எதை முக்கியம் என்று நினைக்கிறாரோ அதுதான் தாளில் வரும். குடிப்பழக்கத்தை ஒருவர் எழுதாமல் விட்டால் எடின்பரோவில் இருக்கும் பேராசிரியருக்கு அது தெரிய வழியே இல்லை.

கடிதம் ஏன் கைவிடப்பட்டது

பானட் திறந்தது. அதுதான் காரணம்.

1761இல் இத்தாலியின் பதுவா நகரப் பேராசிரியர் மோர்கான்யி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். நூற்றுக்கணக்கான நோயாளிகளின் அறிகுறிகளையும், இறந்தபின் அவர்கள் உடலை அறுத்துப் பார்த்ததில் தெரிந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நோய் உடம்பு முழுவதும் பரவிய சமநிலைக் குலைவாக இல்லை, குறிப்பிட்ட உறுப்பில் குறிப்பிட்ட சேதமாக இருக்கிறது என்று அது காட்டியது. அந்த நூல் எழுதப்பட்டிருப்பது ஒரு நண்பருக்கு எழுதிய 70 கடிதங்களின் வடிவத்தில். கடித வைத்தியத்தின் அடித்தளத்தை ஆட்டிய புத்தகமே கடிதங்களால் ஆனது. அதே 1761இல் வியன்னாவில் அவுவென்ப்ருகர், மார்பை விரலால் தட்டி வரும் சத்தத்தை வைத்து உள்ளே நீர் இருக்கிறதா என்று அறியும் முறையை வெளியிட்டார். பல ஆண்டுகள் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

1816இல் பாரிஸில் லென்னக் என்ற மருத்துவர், இதயக் கோளாறு உள்ள ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, தாளைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். சத்தம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. அதுதான் ஸ்டெதஸ்கோப்பின் தொடக்கம். 1819இல் அவருடைய நூல் வந்தது. அந்தச் சத்தத்தை நோயாளியால் கேட்கவும் முடியாது, எழுதவும் முடியாது. நோயைப் பற்றி நோயாளியைவிட மருத்துவருக்கு அதிகம் தெரியக்கூடிய ஓர் இடம் உருவாகிவிட்டது. அந்த இடத்துக்குப் போக உடம்பு நேரில் வந்தாக வேண்டும். கடிதம் உடனே செத்துவிடவில்லை. ஆனால் அதற்கப்புறம் அது நேரில் பார்ப்பதற்கு மாற்று என்ற தகுதியை இழந்தது.

இன்று படிக்கும்போது

பழைய கடிதத்தில் உள்ள நோயின் பெயரை அப்படியே இன்றைய நோயாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜான்சனுக்கு ஆஸ்துமா என்று எழுதியிருக்கும். அன்று அது மூச்சுத் திணறல் பலவற்றுக்கும் பொதுப்பெயர். உடம்பில் நீர் கோத்து வீங்குவதையும் தனி நோயாகவே எழுதினார்கள். இன்றைக்கு அது இதயத்திலோ சிறுநீரகத்திலோ கல்லீரலிலோ உள்ள கோளாற்றின் அடையாளம். ஜான்சன் 1784 டிசம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டே, 1785இல், விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் டிஜிட்டாலிஸ் செடி இத்தகைய வீக்கத்தில் வேலை செய்வதை விவரித்து நூல் வெளியிட்டார். இதய நோய்க்கு நெடுங்காலம் பயன்பட்ட மருந்து அது.

அதேபோல, கையில் கிடைத்திருப்பது பதில் மட்டுமா, நோயாளியின் கடிதமும் இருக்கிறதா என்று பாருங்கள். பதில் மட்டும் என்றால் அதிலுள்ள அறிவுரை யாருக்கு, எந்த உடல்வாகுக்கு என்பது தெரியாது. ஒரு மெலிந்த மனிதருக்கு எழுதிய "பால் நிறையக் குடி" என்ற வரியைப் பொது விதியாக்கிச் சுற்றுக்கு விட்டால் எழுதியவரே பதறியிருப்பார். இரண்டு பக்கமும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். கல்லனின் கோப்பில் அது கிடைக்கிறது. எடின்பரோவின் ராயல் மருத்துவர் கல்லூரியில் உள்ள அந்தக் கடிதங்களைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் படியெடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஆங்கிலம் பழையது, ஆனால் கடினமில்லை. முதலில் நோயாளியின் கடிதத்தைப் படித்துவிட்டு, ஆறு விஷயங்களில் எதையெல்லாம் கல்லன் கையில் எடுப்பார் என்று நீங்களே யூகித்துக்கொண்டு, பிறகு பதிலைத் திறந்து பாருங்கள்.